சபாபதிக்கு: வரிக்குறைப்பும் சம்பள உயர்வும்

கொலம்பஸ், ஒஹாயோ
பிப்ரவரி

அன்புள்ள சபா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வருடம் பிறந்தால் கம்பெனியில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்ப்பவனுக்குத் தலை நிமிர நேரம் கிடையாது. ஜனவரி முடிகிறபோது, வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுகிற டபிள்யூ-2 படிவம் எல்லார் கைக்கும் போயாக வேண்டும். போன மறுநாளே கேள்விகள் வரிசை கட்டும். இந்த வருடம் வரிசை கொஞ்சம் நீளம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம். மீனா சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முதல் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பி, "அப்பா, இவ்வளவா பிடிப்பார்கள்?" என்று கேட்டாள். பிடித்தக் கணக்குப் போட்டே வளர்த்த பெண்! வசந்தி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உன் முழங்காலுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்றா? தள்ளிப்போடாதே. நாள் முழுக்கக் கடையில் நின்றுகொண்டே இருக்கிறவன் நீ.

சரி, சண்டைக்கு வருகிறேன். "2017-இல் வரியைக் குறைத்தார்கள், கூலி ஏறியது. 2025-இல் மறுபடி குறைத்திருக்கிறார்கள், மறுபடி ஏறும். முதலாளி கையில் காசு நின்றால்தானே அவன் தொழிலாளிக்குக் கொடுப்பான்?" என்று எழுதியிருந்தாய். நீ நியூ ஜெர்சியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாய், நான் ஒரு கிடங்குக் கம்பெனியில் சம்பளச் சீட்டு அச்சடிக்கிறேன். இரண்டு பேரும் ஒரே காசைத்தான் பார்க்கிறோம், ஆனால் வேறு வேறு இடத்தில் நின்று. என் இடத்திலிருந்து தெரிவதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

சம்பளச் சீட்டில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே இருப்பது மொத்தச் சம்பளம், கீழே இருப்பது கைக்கு வருவது. நடுவில் ஃபெடரல் (மத்திய அரசு) வரி, மாநில வரி, நகர வரி, அரசு ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம், ஓய்வுக்காலச் சேமிப்பான 401-கே என்று ஒரு பட்டாளம். சம்பள உயர்வு என்றால் மேல் எண் ஏறுவது. வரிக்குறைப்பில் மேல் எண் அசையாது, நடுவில் ஒரு பிடித்தம் மெலியும், அதனால் கீழ் எண் கொஞ்சம் ஏறும். வாங்குகிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், வங்கியில் விழுகிற தொகையைத்தானே அவன் பார்க்கிறான். அரசியல்வாதிகளுக்கு இந்தக் குழப்பம் ரொம்ப வசதி. கீழ் எண் ஏறியதைக் காட்டி, "பார், உன் சம்பளத்தை உயர்த்திவிட்டேன்" என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம்.

2017 டிசம்பர் 22-ஆம் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் கம்பெனி வரி 35 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே வெள்ளை மாளிகைப் பொருளாதாரக் குழு, கெவின் ஹாசெட் தலைமையில், கம்பெனி வரியை இப்படிக் குறைத்தால் சராசரிக் குடும்பத்தின் வருமானம் வருடத்துக்குக் குறைந்தது 4,000 டாலர் ஏறும், 9,000 வரைகூடப் போகலாம் என்று அறிக்கை கொடுத்தது. தனிநபர் வரிக்குறைப்பால் வருகிற மிச்சம் இதில் சேராது. மேல் எண்ணே ஏறும் என்றுதான் சொன்னார்கள். அதை ஞாபகம் வைத்துக்கொள்.

அப்புறம் போனஸ் திருவிழா. ஏடி அண்ட் டி இரண்டு லட்சம் பேருக்குத் தலைக்கு 1,000 டாலர் என்று அறிவித்தது. 2018 ஜனவரியில் வால்மார்ட் ஆரம்பக் கூலியை மணிக்கு 11 டாலராக்கி, போனஸும் 1,000 டாலர் வரை என்றது. அந்த 1,000 யாருக்கு? இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு. அதே நாளில் அதே கம்பெனி 63 சாம்ஸ் கிளப் கடைகளை மூடப்போகிற செய்தியும் வந்தது. ஜனநாயகக் கட்சித் தலைவர் நான்சி பெலோசி இந்தப் போனஸ்களை வெறும் ரொட்டித் துணுக்குகள் என்று சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆயிரம் டாலர் பணக்காரிக்குத்தான் துணுக்கு என்று நீகூட அப்போது போனில் கத்தினாய். நியாயமான கத்தல்தான். ஆனால் நாடாளுமன்ற ஆய்வுச் சேவை 2019-இல் கணக்குப் பார்த்தபோது, அறிவிக்கப்பட்ட போனஸை நாட்டின் எல்லாத் தொழிலாளர்களுக்கும் பங்கு வைத்தால் தலைக்கு 28 டாலர்தான் தேறியது. அந்த 2018-இல் எஸ் அண்ட் பி 500 பட்டியலில் இருக்கிற பெரிய கம்பெனிகள் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்டது 80,000 கோடி டாலருக்கு மேல்.

இன்னொன்று ஞாபகம் இருக்கிறதா? பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிச் செயலாளருக்கு வாரத்துக்கு ஒன்றரை டாலர் கூடுதலாக வந்ததாம். காஸ்ட்கோ மொத்தவிலைக் கடையின் வருடச் சந்தாவுக்கு அது போதும் என்று அந்த அம்மா சந்தோஷப்பட்டாராம். அவைத் தலைவர் பால் ரையன் அதைப் பெருமையாக ட்விட்டரில் போட்டார், ஊரே சிரித்ததும் அழித்துவிட்டார். எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் சம்பளச் சீட்டைப் பார்த்தார், கூடியிருந்தது, சொன்னார். அவ்வளவுதான்.

அந்தப் பிப்ரவரியில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். வருமான வரித்துறை புதிய பிடித்த அட்டவணையை ஜனவரியில் வெளியிட்டது. பிப்ரவரி 15-க்குள் எல்லா முதலாளிகளும் மாறிவிட வேண்டும். மென்பொருளில் ஏற்றி, ஒரு சுற்று சோதனை ஓட்டிப் பார்த்தேன். வருடத்துக்கு 30,000 டாலர் வாங்கும், கல்யாணமாகாத ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள். பழைய சட்டப்படி அவர் கட்டவேண்டிய ஃபெடரல் வரி ஏறக்குறைய 2,470 டாலர். புதிய சட்டப்படி 1,970. மிச்சம் 500. இரண்டு வாரச் சம்பளத்தில் 19 டாலர் சொச்சம். மணிக்கு 30 சென்ட் ஏற்றிக் கொடுத்தால் பிடித்தமெல்லாம் போகக் கையில் என்ன நிற்குமோ, கிட்டத்தட்ட அதுதான். மோசமில்லை. ஆனால் அந்த 19 டாலரை முதலாளி கொடுக்கவில்லை, அரசாங்கம் விட்டுக்கொடுத்தது. முதலாளி கொடுப்பார் என்று சொன்ன 4,000 தனி.

அடுத்த வருடம் ஒரு வேடிக்கை. புதிய அட்டவணையில் பிடித்தம் குறைவு என்பதால் 2019-இல் ரிட்டர்ன் போட்ட ஆரம்ப வாரங்களில் பலருக்கு ரீஃபண்ட் சுருங்கியது. "வரியைக் குறைத்தார்கள் என்றார்களே, எனக்கு ஏன் கம்மியாக வருகிறது?" என்று எங்கள் ஆட்கள் என் மேஜைக்கு வந்தார்கள். உன் காசு வாரா வாரம் உன்னிடமே வந்துவிட்டதப்பா என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. பத்தொன்பது டாலர் வந்தது யாருக்கும் தெரியவில்லை, வராமல் போன ரீஃபண்ட் எல்லாருக்கும் தெரிந்தது. வரிக்குறைப்பை வைத்து ஓட்டு வாங்க நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உன் குடியரசுக் கட்சியின் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. வரி குறைந்தால் கம்பெனி இயந்திரம் வாங்கும், இயந்திரம் வந்தால் ஒரு ஆள் மணிக்குச் செய்யும் வேலை கூடும், அதனால் கூலி ஏறும். பாடப்புத்தகத்தில் இருக்கிற வாதம், முதல் பாதி உண்மையும்கூட. முதலீடு கூடியது. இயந்திரச் செலவை அந்த வருடமே முழுக்கக் கழித்துக்கொள்ளலாம் என்று 2017 சட்டத்தில் இருந்த சலுகை நன்றாகவே வேலை செய்தது. எங்கள் கிடங்கிலேயே அடுத்த வருடம் ஒரு புதிய கன்வேயர் வந்தது. முன்பு தள்ளுவண்டியோடு வரிசை வரிசையாக நடந்து சாமான் எடுத்தவர்கள் இப்போது ஒரே இடத்தில் நிற்கிறார்கள், பெட்டி அவர்களைத் தேடி வருகிறது. வேகம் கூடியது. சம்பளச் சீட்டில் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கன்வேயரைப் பழுது பார்க்கத் தெரிந்த இரண்டு பேருக்கும், ஷிஃப்ட் மேனேஜருக்கும் மேல் எண் ஏறியது. பெட்டி எடுக்கிறவர்களுக்கு அசையவில்லை. இரவு ஷிஃப்டில் விலகிப்போன ஆட்களுக்குப் பதிலாக யாரையும் எடுக்கவில்லை.

இது எங்கள் கம்பெனியின் தனிக் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். பிற்பாடு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ், நாடாளுமன்ற வரிக்குழு ஆட்கள் சேர்ந்து வரி ஆவணங்களை வைத்தே செய்த ஆய்வு ஒன்று வந்தது. கம்பெனி வரிக்குறைப்பால் வருமானம் கூடியது, ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் மேல் பத்து சதவீதத்தில் இருக்கிறவர்களுக்கு, அதிலும் மேலதிகாரிகளுக்கு. மீதித் தொண்ணூறு சதவீதம் பேருக்கு மாற்றம் இல்லை. 2024-இல் வேறு மூன்று பொருளாதார அறிஞர்கள் எல்லா ஆய்வுகளையும் கோத்துப் பார்த்து, நீண்ட காலத்தில் தொழிலாளிக்கு வருடம் 750 டாலர் அளவுக்குச் சம்பளம் ஏறலாம் என்றார்கள். பூஜ்யம் என்று எந்த நேர்மையான ஆளும் சொல்லமாட்டான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 4,000 எங்கே, 750 எங்கே? அந்த 750-உம் எல்லாருக்கும் சமமாக வரும் பணம் இல்லை, சராசரி.

"அப்படியென்றால் கூலி ஏறியதே, அது எப்படி?" என்று கேட்பாய். ஏறியது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் கிடங்கில் பெட்டி எடுப்பவர்களின் மேல் எண் நிஜமாகவே குதித்தது இரண்டு தடவை. முதலாவது 2018 கடைசியில். செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் கூலி போதாது என்று அமேசானைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருந்த நேரம். அக்டோபரில் அமேசான், நவம்பர் 1 முதல் தன் ஆட்களுக்கெல்லாம் மணிக்குக் குறைந்தது 15 டாலர் என்று அறிவித்தது. இந்தப் பக்கம் அவர்கள் கிடங்குகள் நிறைய உண்டு. அறிவிப்பு வந்த வாரமே எங்கள் மனிதவள அறையில் கூட்டம். வரிச் சட்டம் வந்தபோது அந்த அறையில் சம்பளத்தைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. பக்கத்துக் கிடங்கு கூலியை ஏற்றியதும் எழுந்தது. இரண்டாவது தடவை 2021-இல். ஆள் கிடைக்காத காலம். நேர்காணலுக்கு வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள், வந்து சேர்ந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனால் திரும்பமாட்டார்கள். அப்போது மேல் எண் வருடத்தில் இரண்டு முறை மாறியது. நாடு முழுக்க இப்படித்தான், அந்தச் சில வருடங்களில் குறைந்த கூலிக்காரர்களுக்குத்தான் வேகமாக ஏறியது. அதற்கு எந்த வரிக்குறைப்பும் காரணமில்லை. விலைவாசி அதில் பெரும்பகுதியைக் கொத்திக்கொண்டு போனது என்பது உண்மை. 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதம். ஆனால் கூலி ஏறியதற்குக் காரணம் ஒன்றுதான்: இந்த ஆள் போய்விடுவான் என்று முதலாளிக்குப் பயம் வந்தது.

உன் கடையையே எடுத்துக்கொள். 2017 சட்டத்தில் உனக்கும் ஒரு சலுகை இருந்தது. உன்னைப்போலச் சொந்தப் பெயரில் தொழில் நடத்துகிறவர்கள் லாபத்தில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு வரி கட்டினால் போதும். அந்தப் பணத்தில் கடைக்குப் புது அடுப்பு போட்டாய், வீட்டுக் கடனில் கொஞ்சம் அடைத்தாய். தப்பே இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சமையல்காரருக்கு நீ எப்போது சம்பளம் ஏற்றினாய் என்று யோசி. ரூட் 1 நெடுஞ்சாலையில் புதிதாகத் திறந்த கடைக்காரன் அவரைக் கூப்பிட்டபோது. அன்று ராத்திரி எனக்குப் போன் பண்ணி எவ்வளவு புலம்பினாய்! பாத்திரம் கழுவுகிற பையன்களுக்கு ஏற்றியது எப்போது? அப்போதைய ஆளுநர் ஃபில் மர்ஃபி 2019 பிப்ரவரியில் கையெழுத்திட்ட சட்டப்படி நியூ ஜெர்சியின் குறைந்தபட்சக் கூலி படிப்படியாக ஏறி 2024-இல் 15 டாலரைத் தாண்டியபோது. ஒவ்வொரு ஜனவரியும் அதற்காகவும் புலம்பினாய். ஆக, நீ கூலி ஏற்றியதெல்லாம் போட்டிக்காரனாலும் சட்டத்தாலும்தான், வரியால் இல்லை. நீ கெட்ட முதலாளி இல்லை, சாதாரண முதலாளி. கையில் காசு நிற்கிறது என்பதற்காக யாரும் ஆளைக் கூப்பிட்டுச் சம்பளம் ஏற்றித் தருவதில்லை.

அந்தச் சட்டத்திலேயே உன்னைக் கடித்த பகுதியும் ஒன்று உண்டே. மாநில, உள்ளூர் வரியில் 10,000 டாலருக்கு மேல் கழிக்கக்கூடாது என்று உச்சவரம்பு போட்டார்கள். நியூ ஜெர்சிச் சொத்து வரியோடு அந்த வரம்பைப் பார்த்துவிட்டு உன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. 2025-இல் அதை 40,000 ஆக்கிவிட்டார்கள், அதனால்தானே உனக்கு மறுபடி கட்சிப் பாசம்?

கேன்சஸ் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுநர் பிரவுன்பேக் 2012-இல் உன்னைப்போன்ற சிறு தொழில் வருமானத்துக்கு மாநில வரியே இல்லை என்று ஆக்கினார். வேலைகள் கொட்டும் என்றார். கொட்டவில்லை. கஜானாவில் ஓட்டை விழுந்து பள்ளிக்கூடம், சாலை எல்லாம் இழுபறியானது. 2017 ஜூனில் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டசபை அவருடைய வீட்டோவைத் தாண்டி அந்தக் குறைப்பைத் திரும்பப் பெற்றது.

இனி என் மேஜைக்கு முன்னால் நிற்கிற வரிசைக்கு வருகிறேன். 2025 ஜூலை 4-ஆம் தேதிச் சட்டத்தில் ஓவர்டைமுக்கு வரி இல்லை என்று பிரச்சாரம் செய்தார்கள் அல்லவா? எங்கள் ஆட்கள் அதை அப்படியே நம்பி வருகிறார்கள். "போன வருடம் ஓவர்டைமாகவே ஏழாயிரம் சம்பாதித்தேன், அதை எடுத்துவிட்டு டபிள்யூ-2 கொடு." நான் ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் காட்டுகிறேன். உன் கூலி மணிக்கு 20. ஓவர்டைமில் 30. இதில் 20-க்கு எப்போதும்போல வரி உண்டு, மேலே இருக்கிற அந்த அரைப் பங்கு 10 டாலரை மட்டும்தான் கழிக்கலாம். நீ 12 சதவீதப் படியில் இருக்கிறாய், ஆகவே ஒரு மணி ஓவர்டைமுக்கு உனக்கு மிச்சம் 1 டாலர் 20 சென்ட். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் 7.65 சதவீதம் முழு 30-க்கும் பிடித்தாயிற்று, அது திரும்பி வராது. 2028 வரைதான் இந்தச் சலுகை. எழுதி முடிக்கும்போது எதிரே முகம் சுருங்கும். 2025-ஆம் வருடத்துக்கு அந்த அரைப் பங்கை டபிள்யூ-2-வில் தனியாகக் காட்டவேண்டிய கட்டாயமும் இல்லை என்பதால், கணக்கை ஒவ்வொருவருக்கும் நானே போட்டுக் கொடுக்கிறேன். சாப்பாட்டு நேரமெல்லாம் அதற்கே போகிறது.

இந்த விஷயத்தில் இரண்டு கட்சியையும் சேர்த்துத்தான் திட்டுவேன். டிப்ஸுக்கு வரி இல்லை என்று 2024 ஜூனில் லாஸ் வேகாஸில் டிரம்ப் சொன்னார். ஆகஸ்டில் அதே லாஸ் வேகாஸில் கமலா ஹாரிஸும் அதையே சொன்னார். ஆனால் ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி கொடுக்கவேண்டிய ஃபெடரல் அடிக்கூலி 1991-இலிருந்து 2.13. 2021-இல் 15 டாலராக்கும் யோசனை செனட்டுக்கு வந்தபோது 42-க்கு 58 என்று தோற்றது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சி பக்கம் உட்காருகிறவர்கள். மேல் எண்ணை ஏற்றச் சொன்னால் உன்னைப்போன்ற முதலாளிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். கீழ் எண்ணை ஏற்றுவதற்கு யாரோடும் சண்டை போட வேண்டாம், கடன் மட்டும்தான் ஏறும். 2025 சட்டத்தால் பத்து வருடத்தில் 3.4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை கூடும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது. ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட், உணவு உதவி வெட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால், மிகக் கீழே இருக்கிற பத்து சதவீதக் குடும்பங்களுக்கு வருடம் 1,200 டாலர் நஷ்டம், மிக மேலே இருக்கிற பத்து சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம் என்பதும் அவர்கள் கணக்குதான்.

உன் கடையில் பரிமாறுகிற பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்லிவிடு: டிப்ஸில் வருடம் 25,000 வரை கழிக்கலாம், ஃபெடரல் வருமான வரிக்கு மட்டும். நியூ ஜெர்சி வரி தனி, அதில் டிப்ஸும் வருமானம்தான். படித்துக்கொண்டே வார இறுதியில் மட்டும் வருகிறாளே ஒரு பெண், அவளுடைய மொத்த வருமானமே எல்லாருக்கும் பொதுவாக இருக்கிற கழிவுத் தொகைக்குள் அடங்கிவிடும். அவள் முன்பும் ஃபெடரல் வருமான வரி கட்டவில்லை, இப்போதும் அவளுக்கு ஒரு காசு மிச்சம் இல்லை. அவள் டிப்ஸில் சோஷியல் செக்யூரிட்டி பிடிப்பது பிடிப்பதுதான். அதே டிப்ஸுக்கு நீ கட்டுகிற முதலாளிப் பங்கு இருக்கிறதே, அதில் பெரும்பகுதி உனக்கு வரிச் சலுகையாகத் திரும்பி வருகிறது, உன் ஆடிட்டர் வருடா வருடம் போடுகிறார். தெரியாது என்று சொல்லாதே.

அவளுக்கு நிஜமாகவே உதவ வேண்டுமென்றால் மணிக்கு இரண்டு டாலர் ஏற்றிக் கொடு. அதற்கு எந்தச் சட்டமும் தடை இல்லை. இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணித் திட்டு, காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். லலிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராமு